எட்டுக்கால் பூச்சி கடித்தால்: ராமநாதபுரம் கடலோரத்துக்கான முழு வழிகாட்டி

தொண்டி தொடங்கி சாயல்குடி வரையிலான கடலோரத்தில் எட்டுக்கால் பூச்சி இல்லாத வீடு கிடையாது. அது கடித்து ஒருவர் உயிரிழக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அப்படியிருந்தும் இந்தக் கடியைப் பற்றி விரிவாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவில் கட்டுவிரியன் தீண்டியதை "ஏதோ பூச்சி கடிச்சிருச்சு" என்று விடியும்வரை விட்டுவைக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர் காலில் முள் குத்திச் சீழ் வைத்ததைச் சிலந்திக்கடி என்று நம்பிப் பச்சிலை அரைத்துக் கட்டுகிறார்கள். உயிரும் காலும் போவது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி சிலந்தியைப் பற்றியது. மறுபாதி, சிலந்தி செய்யாததைச் சிலந்தியின் தலையில் போடாமல் இருப்பதைப் பற்றியது.

விஷம் உண்டு, ஆபத்து எவ்வளவு?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் அதிகம். யுலோபோரிடே போன்ற ஓரிரு குடும்பங்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. ஆனால் அந்த விஷம் ஈ, கொசு, கரப்பான் ஆகியவற்றை அடக்குவதற்கானது. பெரும்பாலான சிலந்திகளின் பல் மனிதத் தோலைத் துளைக்கவே போதாது. துளைத்தாலும் இறங்கும் அளவு சொற்பம்.

மருத்துவர்கள் உண்மையில் கவலைப்படும் கூட்டங்கள் நான்கு. ஆஸ்திரேலியாவின் ஃபனல்வெப் சிலந்திகளும், தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் ஃபோனியூட்ரியா சிலந்திகளும் நம் நாட்டில் இல்லை. ஃபனல்வெப்புக்குக்கூட 1981-இல் எதிர்மருந்து வந்தபின் ஆஸ்திரேலியாவில் சாவு பதிவாகவில்லை. மற்ற இரண்டு, விடோ எனப்படும் லேட்ரோடெக்டஸ் கூட்டமும், ரெக்ளூஸ் எனப்படும் லாக்சோசெலஸ் கூட்டமும். இவை இரண்டும் இந்தியாவில் பதிவானவை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "கடித்த இடம் அழுகிப்போன" படங்கள் பெரும்பாலும் ரெக்ளூஸ் பெயரில் வருகின்றன. அவற்றை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நம் கரையில் கவனம் வைக்க வேண்டியவை விடோ வகையும், மரப்பொந்தில் வாழும் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியும்.

நம் வீட்டிலும் தோப்பிலும் இருப்பவை

சுவரில் ஒட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டதும் பக்கவாட்டில் விருட்டென்று ஓடும் தட்டையான பெரிய சிலந்தி ஹன்ட்ஸ்மேன். பெண், வட்டமான வெள்ளை முட்டைப் பையை வயிற்றடியில் அணைத்துத் திரியும். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும். கையால் பிடித்தால் கடிக்கும். குளவி கொட்டியது போல் சிறிது நேரம் எரிந்து அடங்கும். இது தின்பது கரப்பானை. மூலையில் நூல் நூலாகக் காலுள்ள சிலந்தி, ஜன்னலில் குதிக்கும் சிலந்தி, வேலியில் எக்ஸ் வடிவத்தில் கால் நீட்டி வலை நடுவே உட்காரும் சிலந்தி, மரப்பட்டையோடு பட்டையாகக் கிடக்கும் இரட்டைவால் சிலந்தி ஆகியவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. நெல் வயலில் இலையைச் சுருட்டிப் பையாக்கி உள்ளே இருக்கும் மஞ்சள் நிறச் சிலந்தி மட்டும் கொஞ்சம் சுருக்கென்று கடிக்கும்.

விடோ வகையில் ஒன்றான பிரவுன் விடோவை அடையாளம் காண்பது எளிது; தேடும் இடம் தெரிந்தால் போதும். அது உத்தரத்தில் இருப்பதில்லை, தரையை ஒட்டியே இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்க விளிம்பு, பூந்தொட்டியின் வாய் மடிப்பு, ஹாலோ பிளாக் கல்லின் ஓட்டை, மீட்டர் பெட்டியின் கீழ்ப்பகுதி, பழைய டயரின் உட்புறம், அதிகம் பயன்படாத வெளிக்கழிப்பறை. வலைக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது, தாறுமாறாகச் சிக்கியிருக்கும். குச்சியால் இழுத்தால் இழை சட்டென்று அறாமல் கெட்டியாக இழுபடும், அறும்போது மெல்லிய கிழிசல் சத்தம் கேட்கும். சாதாரண ஒட்டடைக்கு இந்தக் குணம் இல்லை.

பெண்ணின் உடல் ஏறத்தாழ ஒரு செ.மீ. வயிறு பட்டாணிக் கடலை போல உருண்டையாக இருக்கும். நிறம் வெளிர்பழுப்பிலிருந்து கறுப்பு வரை மாறும், கால்களில் பட்டை. தலைகீழாகத் தொங்குவதால் வயிற்றடியில் செம்மஞ்சள் நிறத்தில் உடுக்கை வடிவக் குறி நேராகத் தெரியும். எல்லாவற்றையும்விட நிச்சயமான அடையாளம் முட்டைப் பை: வெளிர்மஞ்சள் உருண்டை, மேலெல்லாம் சின்னச் சின்ன முட்கள். கடித்தால் பெரும்பாலும் கடித்த இடத்தில் வலி, சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் விடோ குடும்பத்தில் முழுக் கறுப்பு உடலில் சிவப்புப் பட்டை கொண்ட இனங்களும் உண்டு. அவற்றின் கடி உடல் முழுக்கப் பரவக்கூடியது. இரண்டையும் ஒரே எச்சரிக்கையோடு அணுகுவதே நல்லது.

டாரன்டுலா விஷயத்தில் ராமேஸ்வரத்துக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. போசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்ற இனம் 2004-இல் இந்தத் தீவிலிருந்துதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெயரும் இங்குள்ள அனுமார் கோயிலை ஒட்டியே வைக்கப்பட்டது. பின்னர் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் கண்டார்கள். பழைய புளியமரப் பொந்து, தென்னை, பனை மட்டையின் இடுக்கு ஆகியவை அதன் வீடு. தோப்புகள் குறையக் குறைய இதுவும் குறைந்து, மிக அருகிய நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. முதுகில் சாம்பல், கறுப்பு, வெள்ளை கலந்த கோலம். பட்டையில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. மிரட்டினால் முன்னங்கால்களைத் தூக்கும். அப்போது அடிப்பக்கத்து மஞ்சளும் கறுப்புப் பட்டைகளும் பளிச்சென்று தெரியும். அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டால் கையைப் பின்னால் எடுங்கள். அடுத்த அசைவு மின்னல் வேகத்தில் வரும்.

கடித்தபின் உடம்பில் நடப்பது

விடோ விஷத்தின் முக்கியப் பொருள் ஆல்ஃபா லேட்ரோடாக்சின். நரம்பு முனைகளில் சிறுகச் சிறுக வெளிவர வேண்டிய வேதிப்பொருள்களை அது ஒரே மூச்சில் கொட்டவைத்துவிடும். அதனால் தசை இறுகும், வியர்க்கும், படபடப்பு வரும், ரத்த அழுத்தம் ஏறும். கடித்த கணத்தில் ஊசி குத்தியது போல் இருக்கும். பலர் கவனிப்பதுகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் வலி கூடும். பிறகு கையில் கடித்தால் அக்குள், மார்பு என்றும், காலில் கடித்தால் தொடை, இடுப்பு, வயிறு என்றும் மேலே ஏறும். கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் முத்து முத்தாக வியர்ப்பது இந்தக் கடிக்கே உரிய அடையாளம். வயிறு பலகை போல் இறுகிவிட்டால் குடல்வால் என்று தவறாக நினைக்க இடமுண்டு. ஒன்று முதல் மூன்று நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில் தணியும். சாவு அபூர்வம். குழந்தை, முதியவர், கர்ப்பிணி, இதய நோயாளி ஆகியோருக்குத்தான் கூடுதல் கவனம்.

டாரன்டுலா கடியின் போக்கு வேறு. பல் பெரிது, காயம் தெரியும், வலி உடனே வரும், வீங்கும். அது அடங்கியபின், பல மணி நேரம் கழித்து, சிலருக்கு அடுத்த நாள்கூட, கை கால் தசைகள் பிடித்து இழுக்கத் தொடங்கலாம். "நேத்தே சரியாப் போச்சே, இன்னைக்கு ஏன் கெண்டைக்கால் இழுக்குது?" என்று குழம்ப வேண்டாம், அது இந்த விஷத்தின் இயல்பு. இது தொல்லையான கடி, ஆனால் உயிர்க்கொல்லி அல்ல. அமெரிக்க டாரன்டுலாக்கள் உதறும் அரிப்பு முடி நம் இனத்துக்குக் கிடையாது.

கடித்தது சிலந்திதானா?

இதுதான் வழிகாட்டியின் மையம். சிலந்தி கடிப்பதைக் கண்ணால் பார்த்து, அந்தச் சிலந்தி கையில் கிடைத்தால் மட்டுமே அது சிலந்திக்கடி. மற்றதெல்லாம் ஊகம். ஊகத்தோடு படுக்கப் போவதற்கு முன் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

முதலில் கட்டுவிரியன். இரவு, தரையிலோ திண்ணையிலோ பாயில் படுத்திருந்தவர், சுருக்கென்று ஏதோ பட்டு விழித்தார், எதையும் பார்க்கவில்லை, வலியும் பெரிதாக இல்லை. இவை எல்லாம் சேர்ந்தால் பாம்பு என்றே முடிவுசெய்து கிளம்புங்கள். கட்டுவிரியனின் பல் மிகச் சிறியது. தடம் தெரியாமலும் போகும், வீங்காமலும் போகும். சில மணி நேரத்தில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை தொங்கல், இரட்டையாகத் தெரிதல், எச்சில் விழுங்க முடியாமை, அடுத்து மூச்சுத் திணறல். வலி இல்லாத கடியைத்தான் நம் ஊரில் சாதாரணக் கடி என்கிறோம். உண்மை அப்படியில்லை: அலறவைக்கும் கடி தேள், பூரான், சிலந்தியாக இருக்கலாம், விரியனாகவும் இருக்கலாம்; சத்தமில்லாத கடியும் பயப்பட வேண்டியதே.

சுருட்டை விரியன் கருவேலங்காட்டுக்குள்ளும் மணல் மேட்டிலும் கிடப்பது. வீக்கம் ஏறிக்கொண்டே போகும், ஈறிலோ கடிவாயிலோ ரத்தம் நிற்காமல் கசியும். அரசு மருத்துவமனையில் 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். இந்த எளிய சோதனைக்காகவாவது போய் வர வேண்டும்.

சிவப்புத் தேள் கொட்டினால் வலி அந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். அதோடு நில்லாமல் உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டால் இதயம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். குழந்தைகளுக்கு இது சிலந்தியைவிடப் பல மடங்கு ஆபத்து. பிரசோசின் மாத்திரை சீக்கிரம் கிடைத்தால் காப்பாற்றுகிறது. மருத்துவர்தான் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். பூரான் கடியில் இரண்டு துளைகள் தெளிவாகத் தெரியும், வலி கடுமையாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

அடுத்தது "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு" என்று சொல்லப்படுபவை. சிலந்தி அப்படிச் செய்து கொப்புளம் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி வரும், எறும்பு போல் நீண்ட, செம்மஞ்சளும் கறுப்புமான சிறு வண்டைத் தோலில் நசுக்கினால், அரை நாள் முதல் இரண்டு நாள் கழித்துக் கோடு போட்டது போல் எரிந்து கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த வண்டுதான். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, கடும் எரிச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது அக்கி. காவி எழுதுவதில் நாளைக் கடத்தாதீர்கள். முதல் 72 மணி நேரத்தில் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன். காலையில் எழும்போது உடம்பெல்லாம் தடித்து அரிக்கும் காணாக்கடியும் பெரும்பாலும் அலர்ஜி, கடி அல்ல.

கடைசியாகச் சீமைக்கருவேல முள். கரிமூட்டம் போடுவோர், விறகு வெட்டுவோர், கருவைக்குள் ஆடு மேய்ப்போர் காலில் முனை ஒடிந்து உள்ளே தங்கும். இரண்டு மூன்று நாளில் சிவந்து, வீங்கி, நடுவில் கறுத்து, சீழ் வரும். "சிலந்தி கடித்து அழுகிவிட்டது" என்று காட்டப்படும் புண்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையும் கிருமித் தொற்றையும்தான்.

செய்ய வேண்டியது, வரிசைப்படி

1. இடத்தைவிட்டு விலகி, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். பாயை உதறுவதற்கு முன் பாருங்கள். உள்ளே இருப்பது பாம்பாகவும் இருக்கலாம்.

2. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். அரை மணி கழித்து நினைத்தால் வீக்கத்தில் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

3. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். பாம்பு என்ற சந்தேகம் இருந்தால் கழுவுவதில் நேரம் கடத்தாமல், அடுத்த படிகளுக்கும் காத்திருக்காமல் உடனே வண்டியைக் கூப்பிடுங்கள்: 108.

4. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். மருத்துவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது.

5. சிலந்தி என்று உறுதியானால் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள், 10 நிமிடம் எடுங்கள். இப்படி ஒரு மணி நேரம். படகில் இருந்தால் மீன் ஐஸே போதும், பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே துணி சுற்றுங்கள். மீன் அழுக்கு காயத்தில் படக்கூடாது. சர்க்கரை நோயால் மரத்துப்போன காலில் ஐஸை வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

6. வலிக்குப் பாராசிட்டமால். பெரியவருக்கு 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி.: 10 கிலோக் குழந்தைக்கு 150 மி.கி. சிரப் வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ளதில் 6 மி.லி.; 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி. பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் மூடியளவு ஊற்றுவதில்தான் தவறு நடக்கிறது.

7. சிலந்தியைப் படம் எடுங்கள். முதுகு ஒன்று, அடிவயிறு ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. செருப்பால் அடித்து நசுங்கியிருந்தாலும் தூக்கி எறியாமல் காலிப் பாட்டிலில் போட்டு எடுத்துப் போங்கள். பிடிப்பதற்காக இரண்டாவது கடி வாங்க வேண்டாம்.

8. ஆறு மணி நேரம் தனியாக விடாதீர்கள். பத்து ஆண்டுகளுக்குள் டி.டி. ஊசி போட்ட நினைவு இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சில விஷயங்களைச் செய்யவே கூடாது. கயிறு கட்டுவதால் சிலந்தி விஷம் நிற்பதில்லை; கட்டுக்குக் கீழே ரத்தம் ஓடாமல் தசைதான் சாகும். கீறி உறிஞ்சுவதால் விஷம் வராது, கிருமிதான் உள்ளே போகும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு ஆகியவை தோலைப் புண்ணாக்கி, மருத்துவர் பார்க்க வேண்டிய தடத்தையும் அழித்துவிடும். மந்திரிப்பவரிடம் போவதில் ஆறுதல் இருக்கலாம், ஆனால் அது மருத்துவமனையிலிருந்து திரும்பியபின். இணையத்தில் ஆஸ்திரேலியாக்காரர்கள் காட்டும் இறுக்கமான பேண்டேஜ் சுற்று ஃபனல்வெப்புக்கானது; விடோ கடிக்குச் சுற்றினால் வலிதான் கூடும். திருக்கை முள்ளுக்கும் கெளுத்தி முள்ளுக்கும் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைப்பது சரியான வைத்தியம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து கொதிநீர் ஊற்றாதீர்கள்.

இரண்டு வகை மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடித்தது எது என்று தெரியாத நிலையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். விரியன் கடியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். கடையில் கேட்டவுடன் தரும், தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரையும் வேண்டாம். அதைப் போட்டவர் கண் சொருகிக் கிடந்தால், மாத்திரையாலா கட்டுவிரியனாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

எப்போது கிளம்ப வேண்டும்

வலி கடித்த இடத்தைத் தாண்டி ஏறினால், வயிறு இறுகினால், வியர்வை கொட்டினால், வாந்தி நிற்காவிட்டால், இமை தொங்கினால், பேச்சு குழறினால், எங்காவது ரத்தம் கசிந்தால், முகமோ நாக்கோ வீங்கினால் உடனே. குழந்தை, கர்ப்பிணி, 60 வயதைத் தாண்டியவர், ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமலே. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 55 கி.மீ.; தனுஷ்கோடிப் பக்கம் என்றால் இன்னும் 20 சேரும். கடலில் இருப்பவர்களுக்குக் கரை சேரும் நேரமும் உண்டு. ஆகவே "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பதற்கு இந்தப் பகுதியில் இடம் குறைவு. வழியில் உள்ள அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சை வாங்கிக்கொண்டு மேலே போவது நல்லது.

அங்கே சொல்ல வேண்டியது: கடித்த மணி, இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எதைப் பார்த்தீர்கள், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்பது. "சிலந்தி கடிச்சிருச்சு டாக்டர்" என்று தொடங்காதீர்கள். பார்க்காத சிலந்தியை நீங்கள் உறுதியாகச் சொன்னால், பாம்பைத் தேடும் சோதனை தள்ளிப்போகலாம்.

சிலந்திக் கடிக்கு நம் மருத்துவமனைகளில் தனி எதிர்மருந்து கிடையாது. பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கானது. சிலந்தி விஷத்தை அது தொடாது. "ஊசி போடுங்க" என்று மருத்துவரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை, அந்த மருந்துக்கே கடும் அலர்ஜி வரும் அபாயம் உண்டு. எதிர்மருந்து இல்லாததும் பெரிய இழப்பில்லை. 1956 முதல், விடோ கூட்டத்தைச் சேர்ந்த ரெட்பேக் சிலந்திக்கு எதிர்மருந்து வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவிலேயே, 2014-இல் வெளியான ஆய்வில், வழக்கமான வலி மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. இங்கே செய்வது வலிக்கு வீரியமான மருந்து, தசைப்பிடிப்புக்கு டயஸபாம், ரத்த அழுத்தக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் ஓரிரவு படுக்கை. முன்பு கால்சியம் ஊசி போடுவார்கள். பலன் குறைவு என்று கைவிடப்பட்டுவிட்டது. சீழ் இல்லாத கடிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

புண் ஆறவில்லை என்றால்

கடி என்று நினைத்த இடம் மூன்றாம் நாளும் பெரிதாகிக்கொண்டே போனால் சிலந்தியை மறந்துவிட்டுச் சர்க்கரையைப் பாருங்கள். விரலில் ஊசி குத்திப் பார்க்கும் அளவு போதும். பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே இப்படி ஒரு புண்ணில்தான் தெரியவருகிறது. காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு, அழுத்தினால் நறநறவென்ற உணர்வு, கெட்ட வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முள் முனை உள்ளே இருந்தால் அதை எடுக்காமல் எந்த மாத்திரையும் கேட்காது. சீமைக்கருவேல முள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். முள் குத்திய வேலை செய்பவர் என்பதை நீங்களே சொன்னால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கடி வாங்காமல் இருக்க

சிலந்தி தேடி வந்து கடிப்பதில்லை. தோலுக்கும் வேறொன்றுக்கும் நடுவில் நசுங்கும்போதுதான் கடிக்கிறது. எனவே கை எங்கே கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

விசைப்படகுக்காரர்களுக்கு முக்கியமான நாட்கள் மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வலையும் கயிறும் பெட்டியும் அசையாமல் கிடக்கின்றன. சிலந்திக்கு அதைவிட நிம்மதியான இடம் கிடையாது. வலைக் குவியலில் நேராகக் கையை விடாமல், கம்பால் புரட்டி, வெயிலில் விரித்துவிட்டு அள்ளுங்கள். ஐஸ் பெட்டியின் கைப்பிடிக் குழி, லைஃப் ஜாக்கெட்டின் உட்புறம், இன்ஜின் மூடியின் விளிம்பு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்த்தபின் தொடுங்கள்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலியை எல்லாரும் அடியில் விரலைக் கொடுத்துத்தான் தூக்குவார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். வீட்டு நாற்காலிகளை மாதம் ஒருமுறை கவிழ்த்து, பழைய பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். முட்கள் உள்ள முட்டைப் பையை நசுக்கிவிட்டுப் போகாதீர்கள். குச்சியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கலாம். பூச்சி மருந்துத் தெளிப்பால் பெரிய பயன் இல்லை. அதன்மேல் நேராகப் படாதவரை வலையில் தொங்கும் சிலந்தி தப்பித்துவிடும், சாவதோ அதன் இரையும் பல்லியும்.

விறகையும் கரிமூட்டையையும் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கல் வைத்து அடுக்குங்கள். இது சிலந்தியைவிட விரியனுக்காகவும் தேளுக்காகவும். பனை மட்டை, ஓலை அள்ளும்போது தடித்த கையுறை அணியுங்கள். கருக்கிலிருந்தும் அதே கையுறை காப்பாற்றும். பனை, தென்னை ஏறுபவர்கள் மேலே பாளைக்குக் கை நீட்டுவதற்கு முன் அரிவாள் முதுகால் மட்டையை இரண்டு தட்டுத் தட்டினால் டாரன்டுலா உள்ளே பின்வாங்கிவிடும். புளி உலுக்கும் காலத்தில் பொந்தில் காலை வைத்து ஏறுவதுதான் ஆபத்து. பொந்தில் புகை போட்டால் அது ஏறுபவர் பக்கமே வெளியே பாயும்.

படுக்கைக்குக் கட்டிலும், பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையும் போதும். கொசு, சிலந்தி, கட்டுவிரியன் மூன்றுக்கும் அதுவே. கொடியில் இரவு முழுக்கக் கிடந்த துணியை உதறி உடுத்துங்கள்.

வீட்டுக்குள் டாரன்டுலா வந்துவிட்டால்

மழைக்காலத்தில் ஆண் டாரன்டுலா பெண்ணைத் தேடி அலையும்போது வீட்டுக்குள் நுழைவதுண்டு. அடிக்க வேண்டாம். உலகில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான் என்பது ஒரு காரணம். அடிக்கப்போய் அது கை மேல் ஓடிவருவது இன்னொரு காரணம். பிடித்து விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கடத்தி விற்பது குற்றம்.

குழந்தைகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். குறைந்தது 15 செ.மீ. வாயுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாவும், அதைவிடப் பெரிய கெட்டி அட்டையும் எடுங்கள். நீண்ட கைச் சட்டை, கையுறை. சுவரில் இருக்கும்போது பின்பக்கத்திலிருந்து மெதுவாக டப்பாவைக் கவிழ்த்து, விளிம்பில் கால் சிக்காமல் பார்த்து, அட்டையைச் சுவரோடு உரசியபடி உள்ளே தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் கால் துண்டாகும். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டால் சுவரின் மூலையில் நின்றுவிடும். அன்றிரவே பக்கத்துப் புளியமரத்தில், தரையிலிருந்து ஆளுயரத்தில், டப்பாவைப் பட்டையோடு சாய்த்துவைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பிடிக்கத் தயக்கமாக இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மறுநாளும் அதே அறையில் ஒன்று தென்பட்டால், கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியையும், கூரையும் சுவரும் சேரும் இடுக்கையும் பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடம் இருந்தால் அது நுழைந்துவிடும். கதவுக்கு ரப்பர் பட்டையும் இடுக்குக்குச் சிமெண்டும் போட்டு அடைத்துவிடுங்கள்.